கடைசி இடத்துக்கு ஒரு பந்தயம்

கோப்பைக்கான வாய்ப்பை முற்றாக இழந்துவிட்ட ஓர் அணியின் ரசிகர்கள், தொடரின் கடைசி வாரங்களில் தங்கள் அணி எங்கே வென்றுவிடுமோ என்று கவலைப்படுவது, இந்தியாவில் விளையாட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடாத ஒரு மனநிலையாகும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது ஒவ்வொரு அணியும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடிய என்.எச்.எல். என்னும் ஐஸ் ஹாக்கித் தொடரில், இந்தக் கவலை மார்ச் பிறந்ததும் ஆண்டுதோறும் தலைகாட்டுவது வழக்கம். அதற்கு வேர் டிராஃப்ட் எனப்படும் முறையில் இருக்கிறது. பதினெட்டு வயதை எட்டும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் அந்த ஆண்டுக் கூட்டத்தில், முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணியே வரிசையின் முன்னால் நிற்கும் (இப்போது நிலைமை சற்றுச் சிக்கலானது, அது பின்னர் வரும்). தெருக் கிரிக்கெட்டில் இரண்டு தலைவர்கள் மாறிமாறி ஆள் எடுக்கும்போது நேற்றுத் தோற்றவனுக்கு முதல் ஆளை விட்டுக்கொடுப்பதைப் போன்றதுதான் இதுவும். வேறுபாடு என்னவென்றால், இங்கே அந்த முதல் ஆள் ஓர் அணியின் அடுத்த பத்து ஆண்டுகளையே மாற்றிவிடக் கூடியவன்.

இதை நம் பக்கத்து ஹாக்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மைசூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஊட்டிக்கும் வயநாட்டுக்குமாகப் பிரிகின்ற குண்டலுபேட்டையில் ஐஸ் என்பது கரும்புச்சாற்று வண்டியில் மட்டும் காணக் கிடைப்பது. ஹாக்கி என்றால் அந்த வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருவது குடகு. பாண்டண்ட குட்டப்பா 1997இல் தொடங்கிவைத்த கொடவர் குடும்ப ஹாக்கி விழாவில், ஒக்க எனப்படும் குலக்குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் அணியாக இறங்குகிறது. 2024இல் குண்டியோளண்ட குடும்பம் நாபோக்லுவில் நடத்திய விழாவில் 360 குடும்பங்கள் கலந்துகொண்டு கின்னஸ் பதிவைப் பெற்றன. அந்த விழாவில் ஒரு குடும்பம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தாலும் அடுத்த ஆண்டுக்கு நல்ல முன்கள வீரர் ஒருவரை எங்கிருந்தும் கொண்டுவர இயலாது, அவர் அந்த வீட்டில் பிறந்திருக்க வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு ஆள் சேரும் வழிகள் மூன்று என்று கொள்ளலாம்: குடகில் பிறப்பால் சேர்கிறார், இந்திய லீக்குகளில் பணத்தால் சேர்கிறார், என்.எச்.எல்.லில் தோல்வியால் சேர்கிறார்.

இரண்டாவது வழியில் கடைசி இடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று 2025ஆம் ஆண்டின் சென்னை சூப்பர் கிங்ஸ். ஐ.பி.எல். வரலாற்றில் அந்த அணி முதன்முறையாகப் பட்டியலின் அடியில் முடிந்த அந்த ஆண்டில், ருதுராஜ் கெய்க்வாட் காயமடைந்ததால் தலைமை மீண்டும் தோனியிடம் வந்தது. இடையில் ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் ப்ரெவிஸ், உர்வில் பட்டேல் ஆகிய இளைஞர்கள் மாற்று வீரர்களாகச் சேர்க்கப்பட்டனர். மே 25 அன்று அகமதாபாத்தில், அப்போது பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத் டைட்டன்ஸை 83 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியும் அணி கடைசி இடத்திலிருந்து மீளவில்லை. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 8 புள்ளி. ராஜஸ்தானுக்கும் அதே 8 புள்ளிதான் என்றாலும் ரன் விகிதத்தில் சென்னை பின்தங்கியது. அந்த வெற்றியை ரசிகர்கள் மனத்தடை ஏதுமின்றிக் கொண்டாட முடிந்தது, ஏனெனில் அதனால் இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடியிராத பிரசாந்த் வீரையும் கார்த்திக் சர்மாவையும் தலைக்கு 14.20 கோடி ரூபாய் கொடுத்துச் சென்னை வாங்கியது கடைசியாக வந்ததற்கான பரிசு அல்ல. பல வீரர்களை விடுவித்ததால் கையில் மிஞ்சிய பணத்தின் பலன். கபடியில் தமிழ் தலைவாஸ் 2019ஆம் ஆண்டு பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக முடிந்தபோதும் அதன் ரசிகர்களுக்குக் கடைசி இடத்துக்கான ஆறுதல் எதுவும் கிட்டவில்லை.

டிராஃப்ட் என்ற சொல் இந்தியாவுக்குப் புதிதன்று என்றாலும், பின்வரும் இரண்டு தடவையும் அது தோல்வியின் சாயல் இல்லாமலேயே வந்தது. சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு ஆண்டுகள் தடைசெய்யப்பட்டபோது அவற்றின் வீரர்களைப் பங்கிட 2015 டிசம்பரில் நடந்த டிராஃப்டில், ஆண்டுக்கு 16 கோடி ரூபாயைக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தாமே தருவதாகக் கேட்புமனு கொடுத்த புதிய புனே அணி முதல் தேர்வாகத் தோனியை எடுத்தது. 10 கோடி சொன்ன ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. 2017 ஜூலையில் ஐ.எஸ்.எல். கால்பந்து டிராஃப்டில் அனஸ் எடத்தொடிகாவை முதல் ஆளாக அழைத்த ஜாம்ஷெட்பூர், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்றிராத அணி. ஒரு ஆட்டமும் ஆடியிராத புதிய அணி என்பதே அதற்குக் காரணம்.

தோற்றவருக்கு முதலிடம் என்ற கருத்தை 1935இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் முன்வைத்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி அந்தப் பருவத்தில் இரண்டே ஆட்டங்களில் வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டில் நடந்த முதல் டிராஃப்டில் முதல் தேர்வாக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், தொழில்முறை ஆட்டம் எதிலும் கடைசிவரை இறங்கவே இல்லை. என்.எச்.எல். 1963இல் டிராஃப்டைத் தொடங்கியது. இதன் உண்மையான மதிப்பு திறமையில் மட்டுமல்ல, விலையிலும் அடங்கியிருக்கிறது: அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள ஒரு லீக்கில், டிராஃப்டில் வரும் இளைஞரின் முதல் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கும் தனி உச்சவரம்பு உண்டு, 2016இல் ஊக்கத்தொகை நீங்கலாக அது ஆண்டுக்கு 9,25,000 டாலர். அடிப்படை விலை 30 லட்சமாக இருந்த பிரசாந்த் வீர் ஏலத்தில் 14.20 கோடிக்கு ஏறியது போன்ற ஒன்று அங்கே நிகழ வழியே இல்லை. ஆகவே அணிக்குக் கிடைப்பது மலிவான மேதை. மேதைக்குக் கிடைப்பது, தான் தேர்ந்தெடுக்காத ஊர். (1991இல் கியூபெக் அணி அழைத்தபோது எரிக் லிண்ட்ரோஸ் அங்கே ஆட மறுத்துவிட்டார், அத்தகைய துணிவு அரிது.)

பரிசு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கடைசி இடத்துக்கும் போட்டி எழுவது இயல்பு. 1984இல் மரியோ லெம்யூ என்ற இளைஞரைப் பெறுவதற்காகப் பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸும் நியூ ஜெர்சி டெவில்ஸும் கீழ்நோக்கி ஓடின. பிட்ஸ்பர்க், லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை 1981இல் பெற்றிருந்த ராண்டி கார்லைலைப் பருவத்தின் இடையிலேயே வின்னிபெக்குக்குக் கொடுத்துவிட்டு, வின்சென்ட் ட்ரெம்பிளே என்ற கோல்காப்பாளரை நிறுத்தியது. அவர் காத்த ஆட்டங்களில் கோல்கள் தாராளமாக விழுந்தன. முடிவில் பிட்ஸ்பர்க்குக்கு 38 புள்ளி, நியூ ஜெர்சிக்கு 41. லெம்யூ பிட்ஸ்பர்க்குக்கு வந்து 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தார் என்பதால், அந்த அவமானத்தை எவரும் பெரிதாக நினைவில் வைக்கவில்லை. 1993இல் ஒட்டாவா செனட்டர்ஸ் அதே வழியை நாடியதாக எழுந்த ஐயம் வேறு விதமாக முடிந்தது. 84 ஆட்டங்களில் 10 வெற்றி பெற்ற அந்த அணி, 24 புள்ளிகளில் சான் ஹோசேயுடன் சமமாக நின்று, வெற்றிகள் குறைவு என்பதால் முதல் தேர்வைப் பெற்று, அலெக்ஸாண்டர் டேகிளை எடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 12.25 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அணியின் முன்னாள் தலைவர் புரூஸ் ஃபயர்ஸ்டோன் சொன்னதாக வெளியான பேச்சுகளை லீக் விசாரித்து, வேண்டுமென்றே தோற்றதற்குச் சான்றில்லை என்று கூறிவிட்டு, பேச்சுக்காக 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. டேகிள் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட கிறிஸ் ப்ராங்கர் பின்னர் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

இதன் பின்விளைவாக 1995இல் குலுக்கல் நுழைந்தது. கடைசி இடம் இனி முதல் தேர்வை உறுதிசெய்யாது, வாய்ப்பை மட்டும் கூட்டும் என்பது அதன் கருத்து. முறை இதுதான்: 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளை ஒரு கருவியில் சுழலவிட்டு அவற்றுள் நான்கை எடுப்பார்கள், அத்தகைய நான்கெண் சேர்க்கைகள் மொத்தம் 1,001, ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதமுள்ள ஆயிரத்தை அணிகளுக்கு அவற்றின் தோல்வித் தகுதிக்கேற்பப் பகிர்ந்து கொடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரிக்கும் குடவோலை முறையும் மனிதர்களின் சூழ்ச்சியை விலக்கவே தற்செயலை நாடியது. ஆனால் அங்கே தகுதி உள்ளவர்களின் ஓலைகள் மட்டுமே குடத்துக்குள் போயின. இங்கே தகுதியின்மை கூடக்கூட ஓலைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. அதனால்தான் குலுக்கல் வந்த பிறகும் ஆசை அடங்கவில்லை.

அது எவ்வளவு தூரம் அடங்கவில்லை என்பதை 2015 மார்ச் 26 அன்று பஃபலோ நகரில் காண முடிந்தது. அந்தப் பருவத்தில் கானர் மெக்டேவிட் என்ற பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பிறக்கும் வீரர் என்று மதிப்பிடப்பட்ட அவரைப் பெறும் நம்பிக்கையில், கடைசி இடத்துக்குப் பஃபலோ சேபர்ஸும் அரிசோனா கயோட்டீஸும் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு அணிகளே நேருக்கு நேர் மோதின. ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடித்து 4-3 என்று முடித்தார். பஃபலோ அரங்கில் உள்ளூர் ரசிகர்கள் அந்தக் கோலுக்கு ஆரவாரம் செய்தனர். சேபர்ஸ் வீரர்கள் தங்கள் மனவருத்தத்தை மறைக்கவில்லை. அந்தப் பருவத்தில் பஃபலோ கடைசியாகவே வந்தது. 20 விழுக்காடு வாய்ப்பும் பெற்றது. ஆனால் குலுக்கலில் வென்றது 11.5 விழுக்காடு மட்டுமே வைத்திருந்த எட்மன்டன். மெக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார், பஃபலோவுக்கு ஜாக் ஐக்கெல் வந்தார். பின்னர் 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் முதல் தேர்வே கிடைத்தும், 2012 முதல் 2025 வரை 14 பருவங்கள் பஃபலோ ப்ளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. ஐக்கெல் 2023இல் கோப்பையை வென்றது வேகாஸ் அணிக்காக. ஆரவாரம் செய்த ரசிகர்களைப் பழிப்பது எளிது. ஆயினும் அந்த அணியை அவ்வாறு அமைத்தவர்கள் அணி நிர்வாகத்தினரே என்பதையும், ரசிகர்கள் அவர்களுடைய திட்டத்தையே உரக்கச் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு, அதாவது தோற்கும்படி ஆடுவதற்கும் தோற்கும்படி அணியை அமைப்பதற்கும் இடையிலான வேறுபாடு, மிகத் தெளிவாக வெளிப்பட்டது டொராண்டோவில். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் வாழும் அந்த நகரத்தின், குறிப்பாக அதன் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவின், அணி மேப்பிள் லீஃப்ஸ். பெற்றோர் கிரிக்கெட்டை நெஞ்சில் சுமந்து வந்தாலும், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நீலச் சட்டைதான் ஊர்ச்சட்டை. 1967க்குப் பிறகு கோப்பையையே காணாத அந்த அணியைக் கலைத்துக் கட்டுவதென்று அணித் தலைவர் பிரெண்டன் ஷானஹன் முடிவெடுத்த பின், 2015 ஜூலை 1 அன்று அதிகக் கோல் அடித்துவந்த ஃபில் கெஸ்ஸல் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். 2016 பிப்ரவரி 9 அன்று ஆட்டக்குழுத் தலைவர் டியான் ஃபனூஃப் ஒட்டாவாவுக்கு அனுப்பப்பட்டார். புதிய பயிற்சியாளர் மைக் பாப்காக் பதவியேற்ற நாளிலேயே வலி வரப்போகிறது என்று எச்சரித்திருந்தார். மறைவு எதுவும் இல்லை. வலி நகரம் முழுவதற்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது.

இங்கே புள்ளிக்கணக்கை விளக்குவது அவசியமாகிறது. வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்திலோ அதற்குப் பிந்தைய தனிவாய்ப்புச் சுற்றிலோ தோற்றால் 1 புள்ளி, முறையான நேரத்துக்குள் தோற்றால் சுழியம். முந்தைய 2014-15 பருவத்தில் 68 புள்ளிகளோடு டொராண்டோ 30 அணிகளில் 27ஆவதாக வந்து, நான்காவது தேர்வில் மிட்ச் மார்னரைப் பெற்றது. 2015-16இல் 69 புள்ளி எடுத்தது. ஒரு புள்ளி கூடியும் 30ஆவது, அதாவது கடைசி. எட்மன்டன் 70 புள்ளி. 82 ஆட்டங்கள், ஏழு மாதங்கள், எல்லாம் முடிந்து நிற்கும்போது கடைசி இடத்தையும் அதற்கு முந்தைய இடத்தையும் பிரித்தது ஒரே ஒரு புள்ளி. முதல் தேர்வுக்கான வாய்ப்பில் அதன் பொருள் 20 விழுக்காட்டுக்கும் 13.5 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி.

கடைசி ஆறு வாரங்கள்தாம் இந்தக் கதையின் சுவையான பகுதி. மூத்த வீரர்கள் போய்விட்டதால் வெற்றிடத்தை நிரப்ப, மார்லீஸ் என்ற துணையணியிலிருந்து வில்லியம் நைலாண்டர், காஸ்பரி கப்பானன், சாக் ஹைமன், நிகிதா சோஷ்னிகோவ், கானர் பிரவுன் முதலிய இளைஞர்கள் அழைத்துவரப்பட்டனர். பிப்ரவரி 29 அன்று முதல் ஆட்டம் ஆடிய நைலாண்டர் 22 ஆட்டங்களில் 6 கோல் அடித்தார். தோற்பதற்கென்றே காலியாக்கப்பட்ட அணியில் நுழைந்த இந்த இளைஞர்களுக்குத் தோற்க வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை. அடுத்த பருவத்தில் தனக்கு இடம் உண்டா என்பதே அவர்களுடைய கேள்வி. அடுத்து வரப்போகும் முதல் தேர்வு அவர்களுள் ஒருவருடைய இடத்தைப் பறிக்கவும் கூடும். எனவே அவர்கள் முழுமூச்சாக ஆடினார்கள், சில ஆட்டங்களில் வென்றும் தொலைத்தார்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த ரசிகருக்கு ஒரே கோல் மகிழ்ச்சியையும் எரிச்சலையும் ஒருசேரத் தந்தது: நைலாண்டர் அடித்தது அழகு, அதனால் கிடைத்த இரண்டு புள்ளி அநியாயம். விளையாட்டு ஒன்றைப் பார்ப்பதில் இதைவிடக் கோணலான நிலை இருக்க முடியுமா என்பது ஐயமே.

அந்த ரசிகர்கள் காத்திருந்த ஆஸ்டன் மாத்யூஸ் என்ற வீரர் கலிஃபோர்னியாவில் பிறந்து, அரிசோனாப் பாலைநிலத்து ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்தவர். பிறந்த நாள் 1997 செப்டம்பர் 17. டிராஃப்டுக்கான வயதுக் கணக்கு செப்டம்பர் 15உடன் முடிவதால், இரண்டே நாளில் 2015ஆம் ஆண்டு வாய்ப்பைத் தவறவிட்டு, அந்த ஓராண்டைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் அணிக்கு ஆடிக் கழித்தார். அந்த இரண்டு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால் அவர் மெக்டேவிட் எடுக்கப்பட்ட அதே கூட்டத்தில் பங்கிடப்பட்டிருப்பார், டொராண்டோவின் கடைசி இடம் வேறு யாரையோ கொணர்ந்திருக்கும். 2016 ஏப்ரல் 30 அன்று நடந்த குலுக்கலில் முதல் மூன்று இடங்களும் முதன்முறையாகச் சீட்டுக்கு விடப்பட்டன. கடைசி அணி நான்காம் இடம்வரை சரியலாம் என்ற நிலையில் டொராண்டோவின் எண்களே விழுந்தன. இரண்டாம் இடம் வின்னிபெக்குக்கும் மூன்றாம் இடம் கொலம்பஸுக்கும் சென்றன. ஒரு புள்ளியில் கடைசி இடத்தை இழந்த எட்மன்டன் நான்காவதாகச் சரிந்தது. ஜூன் 24 அன்று மாத்யூஸ் முறைப்படி அழைக்கப்பட்டார். அதற்குச் சில நாள் முன்னர், முந்தைய கோடையில் விரட்டப்பட்ட கெஸ்ஸல் பிட்ஸ்பர்க்குக்காக ஸ்டான்லி கோப்பையை உயர்த்தியிருந்தார்.

மாத்யூஸ் ஏமாற்றவில்லை. 2016 அக்டோபர் 12 அன்று தன் முதல் ஆட்டத்திலேயே ஒட்டாவாவுக்கு எதிராக நான்கு கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் அவர் காவல் காக்க வேண்டிய கைல் டர்ரிஸ் கோல் அடித்ததால் டொராண்டோ 5-4 என்று தோற்றது. அந்த ஆண்டு அணி 95 புள்ளிக்கு ஏறியது. அவர் 40 கோலோடு சிறந்த புதுமுகமானார். 2023-24 பருவத்தில் 69 கோல் அடித்தார். ஆனால் அவர் வந்தபின் அணி ஒரு ப்ளே ஆஃப் சுற்றை வெல்லவே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்மன்டனின் கணக்கும் இதைப் போன்றதே: 2010, 2011, 2012, 2015 என ஆறு ஆண்டுகளில் நான்கு முதல் தேர்வுகளைப் பெற்ற அந்த அணி, 2024இலும் 2025இலும் இறுதிச்சுற்றை எட்டி இரண்டிலும் ஃப்ளோரிடாவிடம் தோற்றது. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2016-17இல் வெறும் 48 புள்ளி எடுத்த கொலராடோ, குலுக்கலில் முதல் மூன்று இடங்களையும் இழந்து, ரசிகர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க நான்காவதாக எடுத்தது கேல் மகாரை. 2022இல் கொலராடோ கோப்பையை வென்றபோது ப்ளே ஆஃப் சுற்றின் சிறந்த வீரர் அவர்தான். அதே 2017இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட நோலன் பாட்ரிக் அதன்பின் என்.எச்.எல். களத்தில் இறங்கவே இல்லை.

தோல்விக்குக் கூலி கொடுக்காமலேயே தோற்றவருக்கு உதவ முடியுமா என்ற கேள்விக்கு, 2024 ஜனவரியில் தொடங்கிய பி.டபிள்யு.எச்.எல். என்னும் மகளிர் தொழில்முறை ஹாக்கி லீக் ஒரு விடையைச் செயற்படுத்தி வருகிறது. ஆடம் கோல்ட் என்ற ஆய்வாளரின் பெயரால் கோல்ட் திட்டம் எனப்படும் அந்த முறையில், ஓர் அணி ப்ளே ஆஃப் வாய்ப்பை இழந்த நொடியிலிருந்து புதிய கணக்கு ஒன்று தொடங்குகிறது. அதன்பின் அது ஈட்டும் புள்ளிகள் டிராஃப்ட் வரிசைக்காகச் சேர்க்கப்படுகின்றன. அதிகம் சேர்த்த அணிக்கே முதல் தேர்வு. மோசமான அணி முன்கூட்டியே வெளியேறுவதால் புள்ளி சேர்க்க அதற்குக் கூடுதலான ஆட்டங்கள் கிடைக்கின்றன. நலிந்தவருக்கான சலுகை அவ்வளவே, மீதியை வென்றுதான் பெற வேண்டும். முதல் பருவத்தில் ஆறு அணிகளில் கடைசியாக வந்த நியூயார்க் அந்தக் கணக்கில் முந்தி, 2024 ஜூனில் சாரா ஃபில்லியரை முதல் தேர்வாக எடுத்தது. அந்த அணியின் ரசிகர்கள் பருவத்தின் கடைசி வாரங்களில், வேறெந்தக் கணக்கும் போடாமல், தங்கள் அணி அடித்த கோல்களுக்குக் கைதட்டலாம் என்றிருந்தது.